கை ஜிபிஎஸ், பாக்கெட் கணினி: புதுச்சேரி, கடலூர் பக்கம் ஜியோகேச் தேடப் போகுமுன்

ஒரு டப்பா, அதற்குள் ஒரு காகிதச் சுருள். ஒருவர் அதை எங்கோ மறைத்துவிட்டு அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, சுருளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். ஜியோகேச்சிங் என்பது இவ்வளவுதான். சிவில் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தியது. ஓரிரு நாளில், மே 3 அன்று, டேவ் உல்மர் ஆரிகன் மாநிலத்தில் முதல் டப்பாவை (உண்மையில் ஒரு பிளாஸ்டிக் வாளி) வைத்துவிட்டார்.

போனில் ஆப் இருக்கும்போது தனிக் கருவி எதற்கு என்று கேட்கலாம். மதியம் ஒரு மணிக்குத் தேவனாம்பட்டினம் மணலில் நின்று போன் திரையைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். கார்மின் இட்ரெக்ஸ் வகைக் கை ஜிபிஎஸ்ஸின் திரை வெயிலைத் திருப்பி அனுப்பியே வெளிச்சம் காட்டுவது. வெயில் ஏற ஏறத் தெளிவாகும். இரண்டு பேட்டரி செல்லில் ஒரு நாள் தாண்டி ஓடும். பிச்சாவரம் படகில் தண்ணீர் தெறித்தாலும் கவலையில்லை. பாக்கெட் கணினியின் வேலை வேறு: டப்பாவின் விவரம், துப்பு, கணக்கு, குறிப்பு எல்லாவற்றையும் சுமப்பது. பழைய மஞ்சள் இட்ரெக்ஸ் ஒரு இடத்துக்கு ஆறு எழுத்துப் பெயருக்கு மேல் ஏற்காது. அதை வைத்திருப்பவருக்குக் கூடவே ஐபேக் மாதிரி ஒரு பாக்கெட் கணினி இருந்தால்தான் வேலை நடக்கும்.

முதலில் செல். கடையில் பென்டார்ச் பேட்டரி என்று கேட்டால் தரும் ஏஏ அளவுதான். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போடுகிறீர்கள் என்றால் கருவியின் செட்டிங்கில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள். புதிய ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக இறங்கும். ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்டிலேயே நெடுநேரம் நின்று கடைசியில் பொத்தென்று விழும். வகை தவறாக இருந்தால், நிறைய சார்ஜ் இருக்கும்போதே கருவி ‘தீர்ந்துவிட்டது’ என்று அலறும். எப்போதும் ஒரு ஜோடி உபரி, டப்பர்வேரில். சட்டைப்பையில் சில்லறையோடு போட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும்.

வீட்டில் சும்மா கிடக்கும் நாட்களில் செல்லைக் கழற்றி வையுங்கள். கடற்கரை ஊரில் இதைச் சோம்பலால் விட்டவர்களின் கருவியைத் திறந்தால் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் பச்சைப் பாசி மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். ஆல்கலைன் கசிந்திருந்தால் வெள்ளைப் பொடி. வெள்ளைப் பொடிக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ காதுக்குச்சியில் ஒற்றித் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். பச்சையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே போகும். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விட்டால் அடுத்த மாதமே மறுபடி பச்சை பிடிக்கும்.

மாதக்கணக்கில் அணைந்திருந்த கருவியை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டு ‘சிக்னலே இல்லை’ என்று திட்டுவது பழக்கமான காட்சி. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையையும் வானத்திலிருந்து இறக்க 12.5 நிமிடம் ஆகும். ஒவ்வொரு செயற்கைக்கோளின் துல்லியப் பாதைக்கு அரை நிமிடம் போதும், ஆனால் அந்தத் தகவல் சில மணி நேரத்தில் பழசாகிவிடும். ஆகவே மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, திரை வானத்தைப் பார்க்க, 20 நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுக் குளித்துவிட்டு வாருங்கள். கருவியில் வாஸ் அல்லது ஈக்நாஸ் என்று பிழைதிருத்தத் தேர்வு ஒன்று இருந்தால் ஆன் செய்யுங்கள். நம் நாட்டின் ககன் திருத்தச் சிக்னலும் அதே முறையில்தான் வருகிறது.

மிகப் பழைய கருவி தேதியை ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டினால் பயப்படாதீர்கள். ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும்; கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6. பெரும்பாலும் இடம் சரியாகவே வரும், தேதி மட்டும் தப்பு. சுருளில் எழுதும்போது கைக்கடிகாரத்தைப் பாருங்கள்.

இனி அதிகமானோர் கோட்டைவிடும் இடம். ஜியோகேச் எண்கள் டிகிரியும் தசம நிமிடமுமாக வரும்: வடக்கு 11° 56.000', கிழக்கு 79° 49.500'. இது புதுச்சேரி நகருக்குள் ஒரு புள்ளி. இதையே தசம டிகிரி என்று நினைத்து 11.56000, 79.49500 என்று அடித்தால் அம்பு தென்மேற்கே திரும்பி 55 கிலோமீட்டர் காட்டும். நெய்வேலிப் பக்கம் போய் நிற்பீர்கள். நல்லவேளையாக இவ்வளவு பெரிய தப்பு உடனே தெரிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது சின்னத் தப்பு: 56.500' என்பதை 56 நிமிடம் 50 விநாடி என்று போடுவது. .500 என்றால் அரை நிமிடம், அதாவது 30 விநாடி. வித்தியாசம் 600 மீட்டர் சொச்சம். அடுத்த தெருவையே காட்டுவதால் சந்தேகம் வராது, மாலைவரை தேடிக்கொண்டே இருப்பீர்கள். எனவே யூனிட்ஸ் செட்டிங்கில் டிகிரி-நிமிடம்-மூன்று தசமம் என்பதைத் தேர்ந்து அப்படியே விட்டுவிடுங்கள். டேட்டம் (எண்கள் பூமியின் எந்த அளவு மாதிரியைச் சார்ந்தவை என்பது) டபிள்யூஜிஎஸ் 84. எவரெஸ்ட் டேட்டத்தில் அச்சான பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்திலிருந்து எடுத்த எண்ணை இதில் கலந்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

இன்னொரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளலாம். நம் அட்சரேகையில் கடைசி தசமம் ஒன்று (0.001') மாறினால் வடக்கு-தெற்கில் 1.84 மீட்டர், கிழக்கு-மேற்கில் 1.82 மீட்டர். புதிர் வகை டப்பாக்களில் ‘இங்கிருந்து 135 டிகிரியில் 220 மீட்டர்’ என்பார்கள். 135 டிகிரி என்றால் நேர் தென்கிழக்கு, தெற்கே 155.6 மீட்டர், கிழக்கேயும் அதே 155.6. மேலே சொன்ன புள்ளியிலிருந்து தெற்கே 0.084' கழித்து, கிழக்கே 0.086' கூட்டினால் வடக்கு 11° 55.916', கிழக்கு 79° 49.586'. கருவியில் புராஜெக்ட் வேபாயின்ட் என்ற வசதியே இதைச் செய்யும். ஆனால் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு மெனுவில் மீட்டருக்குப் பதில் அடி என்று இருந்தால் உடனே உறைக்கும்.

ஏற்றுவது எளிது. ஜியோகேச்சிங் தளத்திலிருந்து டப்பாவின் இடமும் விவரமும் அடங்கிய ஜிபிஎக்ஸ் கோப்பை இறக்குங்கள். இட்ரெக்ஸ் 10, 20, 30 போன்றவற்றை யுஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் மாதிரித் திறக்கும். கார்மின் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் கோப்பைப் போட்டு, முறையாக எஜெக்ட் கொடுத்து எடுங்கள். எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் கோப்பு பாதியில் நிற்கும், கருவி தொடங்கும்போதே உறைந்துபோகவும் கூடும். சீரியல் கேபிள் காலத்துக் கருவிக்கு ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் வேண்டும். கூடவே வந்த அடிப்படை வரைபடத்தில் பெரிய சாலைகளுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இராது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மினுக்காகச் செய்த வரைபடத்தை மெமரி கார்டில் போட்டுக்கொண்டால் சந்து, வாய்க்கால்கூடத் தெரியும்.

பாக்கெட் கணினிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். விண்டோஸ் மொபைல் 2003 வரையிலான ஐபேக்குகளில் நீங்கள் ஏற்றிய நிரலும் கோப்பும் ராம் நினைவகத்தில்தான் இருக்கும். பேட்டரி முழுதாகச் செத்தால் எல்லாம் அழிந்து, கடையில் வாங்கிய நாள் மாதிரி நிற்கும். கோப்புகளை எஸ்டி கார்டிலேயே வையுங்கள், நிரலின் நிறுவல் கோப்பையும் அதிலேயே. கார்டு 2 ஜிபிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேற்பட்ட எஸ்டிஎச்சி வகைக் கார்டைப் பல பழைய மாடல்கள் படிக்காது. மேசைக் கணினியோடு இணைக்கும் ஆக்டிவ்சிங் மென்பொருளோடு புதிய விண்டோஸில் மல்லுக்கட்டுவது வீண்வேலை. கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு நகலெடுப்பது ஐந்து நிமிடம். விவரத்தைப் படிக்க, ஐபேக் போன்ற பாக்கெட் பிசியில் ஜிபிஎக்ஸ்சோனார் என்ற நிரல், பாம் நிறுவனக் கருவியில் கேச்மேட்.

ஐபேக்கோடு புளூடூத் ஜிபிஎஸ் இணைப்பதானால், பெரும்பாலும் 0000 என்பதே ஜோடிசேர்க்கும் எண். சீரியல் போர்ட் சேவையைத் தேர்ந்து, வெளிச்செல்லும் காம் போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணை வரைபட நிரலில் கொடுங்கள். வேகம் 4800. இடம் வரவே இல்லையென்றால் முக்கால்வாசி நேரம் காரணம் ஒன்றுதான்: வேறொரு நிரல் அந்தப் போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கும். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்கமுடியும். விண்டோஸ் மொபைல் 5 முதல் இதைப் பகிர்ந்துகொடுக்க ஓர் இடைநிலை இயக்கி உண்டு.

தமிழில் ஒரு சங்கடம். இந்தப் பழைய திரைகளில் தமிழ் பெரும்பாலும் கட்டங்களாகவோ கொம்பு இடம்மாறியோதான் வரும். அதைவிட வேடிக்கை துப்பில். தளம் துப்பை எழுத்துகளை 13 இடம் தள்ளி மறைத்துக் காட்டும், A என்றால் N. அந்த வித்தை ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான். தமிழில் ‘வேப்பமரத்துப் பொந்து’ என்று எழுதினால் எல்லோருக்கும் பச்சையாகத் தெரியும்.

களத்தில் நடக்கும்போது இட்ரெக்ஸ் 10, 20 வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது: அவற்றில் மின் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் திசை தெரியும். நின்றால் அம்பு வழிதெரியாத கோழிமாதிரி சுற்றும். 15 மீட்டர் இருக்கும்போது நின்று யோசிக்காமல், சற்றுத் தள்ளிப்போய் வேறொரு பக்கமிருந்து சீராக நடந்து வாருங்கள். இரண்டு மூன்று பக்கமிருந்து வந்தால் அம்புகள் வெட்டும் இடம் புலப்படும். இட்ரெக்ஸ் 30-இல் திசைகாட்டி உண்டு, ஆனால் செல் மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவு திருத்தவேண்டும், அதுவும் பைக்கிலிருந்து நாலடி தள்ளி நின்று. காந்த வடக்கா உண்மை வடக்கா என்ற கவலை நம் ஊரில் தேவையில்லை. வித்தியாசம் ஓரிரு டிகிரிதான்.

திரையில் ‘3 மீ’ என்று வருவது கருவியின் சுய மதிப்பீடு, வாக்குறுதி அல்ல. மறைத்தவர் கருவியிலும் பிழை இருந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் 10 மீட்டர். புதுச்சேரி வெள்ளை நகரத் தெருக்களில் உயர்ந்த சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் இன்னும் படுத்தும். மழை நின்றவுடன் ஈர இலைக்கூரையின் கீழும் அப்படித்தான். பத்து மீட்டருக்குள் வந்ததும் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். அடுக்கிவைத்த கல், தரையோடு சேராத ஓடு, கம்பத்தில் துருப்பிடிக்காத ஒரே ஒரு நட்டு.

ஆள் வந்து “என்ன தம்பி, ரொம்ப நேரமா தேடுறீங்க?” என்றால் மழுப்பவேண்டாம். “ஒரு வெளயாட்டுண்ணே, டப்பா தேடுறோம்” என்று திரையைக் காட்டினால் அவரும் சேர்ந்து தேடுவார். கருவியை ஒளித்தால்தான் சந்தேகம். ஒரு எச்சரிக்கை மட்டும் உறுதியாக: இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி, இரிடியம், துராயா போன்கள் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக்கூடாது. வெளிநாட்டு உறவினர் ‘இதுவும் ஜிபிஎஸ்தான்’ என்று கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே சிக்கல். சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ் வேறு.

நீங்களே மறைப்பதானால் அளவெடுப்பதில் அவசரம் கூடாது. வேபாயின்ட் ஆவரேஜிங் என்ற மெனுவில் நம்பகம் 100 சதவீதம் வரும்வரை நின்று சேமியுங்கள். குறைந்தது 90 நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி. நாலு முதல் எட்டு முறை என்பது கார்மினின் பரிந்துரை. இருட்டிய பிறகு அளக்காதீர்கள். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் வானத்தில் சூரியன் மறைந்து நள்ளிரவு வரை, சிக்னல் கடந்துவரும் அயனிமண்டலம் குழம்பிக் கிடக்கும், மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபரில் கூடுதலாக. காலை நேரம் நல்லது.

அடுத்த டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்கவேண்டும், தோண்டிப் புதைக்கக்கூடாது, இடத்துக்காரரிடம் அனுமதி வேண்டும். அரிக்கமேடு, புனித டேவிட் கோட்டை, ஊசுட்டேரிக் கரை மாதிரியான இடங்களில் டப்பா வைக்கும் எண்ணமே வேண்டாம். திருவக்கரை கல்மரங்கள் பக்கம் ஆசையிருந்தால் எர்த்கேச் இருக்கிறது: டப்பாவே கிடையாது, பாறையைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் அனுப்பவேண்டும்.

டப்பாவுக்கு ரப்பர் வளையம் வைத்துப் பூட்டும் மூடி. சுருளுக்கு ஒரு ஜிப் பை, அதற்குமேல் இன்னொன்று. பேனா அல்ல, பென்சில். சாப்பாட்டு வாசனை இருந்த டப்பா என்றால் எறும்பும் நாயும் முதலில் கண்டுபிடிக்கும். மணலில் வைத்தது அலை அரிப்பில் போய்விடும். மரத்தில் கட்டுவதற்கு முன் 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் எத்தனை மரம் நின்றது என்று யாரையாவது கேளுங்கள். அக்டோபர் தொடங்கும்போது ஒருமுறை, பொங்கல் முடிந்து ஒருமுறை போய்ப் பார்த்து, சுருள் நனைந்திருந்தால் மாற்றிவிட்டு, டப்பா காணாமல் போயிருந்தால் அன்றைக்கே தளத்தில் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.