மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின்: வலியை மட்டும் நம்பினால் நேரும் தவறுகள்

மார்பகத்தை நீக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை ஒன்று உண்டு: "வலித்தால் நிறுத்திவிடு, வலிக்கவில்லை என்றால் பயமில்லை." வேறு பல சிகிச்சைகளுக்கு இது ஓரளவு பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது. மார்பகத்தை எடுக்கும்போது அந்தப் பகுதித் தோலுக்கு உணர்வு கொடுக்கும் நரம்புகளும் அறுபடுகின்றன. அதனால் ஆபத்து இருக்கும் இடத்தில் வலியே தெரியாமல் போகலாம். ஆபத்து இல்லாத இடத்தில் சுருக் சுருக்கென்று குத்தலாம்.

என் அக்காவுக்கு ஒரு மார்பகத்தை நீக்கிவிட்டு, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து அதே நாளில் மறுசீரமைப்பும் (புதிதாக மார்பக வடிவம் அமைப்பது) செய்தார்கள். ஆறு வாரம் அவளுடனேயே இருந்தேன். நாங்கள் செய்த தவறுகளும், செய்யப்போய்த் தப்பித்தவையும் பெரும்பாலும் இந்த ஒரு குழப்பத்திலிருந்துதான் முளைத்தன.

குழாயில் அளவு குறைந்ததும் மகிழ்ந்துவிடுவது

அறுத்த இடத்தில் ஊறும் நீர் வெளியேறுவதற்காக மெல்லிய குழாய்களை வைத்து அனுப்புவார்கள். குழாயின் முனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பல்ப் இருக்கும். அது அமுங்கிச் சப்பையாக இருந்தால்தான் நீரை உறிஞ்சும். உப்பிக்கொண்டால் வெறும் பைதான். காலி செய்தபின் பல்பை அமுக்கிப் பிடித்தபடியே மூடியை மூட வேண்டும். இந்த ஒரு சின்ன வரிசை தப்பினால் இரவு முழுவதும் குழாய் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாது.

ஐந்தாம் நாள் எங்களுக்கு நடந்தது வேறு. முந்தைய நாள் 70 மில்லி வந்திருந்தது. அன்று காலையிலிருந்து மாலைவரை 10 மில்லிகூட வரவில்லை. குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்று இருவரும் சந்தோஷப்பட்டோம். இரவு உடை மாற்றும்போதுதான் அக்குளுக்குக் கீழே துணி ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால், நடுவில் மண்புழு போல ஒரு கருஞ்சிவப்பு இழை. ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. அடைபட்ட நீர் குழாய் நுழையும் துளையின் ஓரமாகக் கசிந்திருக்கிறது. "எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே" என்றாள் அக்கா. அவளுக்குத் தெரிய வழியில்லை. செவிலியர் கற்றுக்கொடுத்திருந்தபடி, தோலருகே குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் இரண்டு விரல்களால் பல்ப் பக்கமாக வழித்தேன். மூன்றாவது முறை அந்த இழை நழுவிப் பல்புக்குள் விழுந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் 40 மில்லி இறங்கியது.

இப்படி வழித்துவிடுவதை எல்லா மருத்துவர்களும் விரும்புவதில்லை. வீட்டுக்கு அனுப்பும்முன் கேட்டு, அவர்கள் முன்னால் ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள். ஒரு நோட்டில் நேரம், அளவு, நிறம் மூன்றையும் எழுதுங்கள். முதலில் சிவப்பாக இருப்பது நாளாக நாளாக இளஞ்சிவப்பாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வர வேண்டும். ஒரு நாளைக்கு 20 முதல் 30 மில்லிக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால்தான் பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். அதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். படிப்படியாகக் குறைவது நல்லது. திடீரென்று நின்றுபோவதும், திடீரென்று புது ரத்தமாகப் பல்ப் நிறைவதும் தொலைபேசியை எடுக்க வேண்டிய அறிகுறிகள்.

தொல்லை தாங்காமல், "கொஞ்சம்தான் வருகிறது, எடுத்துவிடுங்கள்" என்று மருத்துவரை நச்சரிக்கிறவர்கள் உண்டு. அவசரப்பட்டு எடுத்தால் நீர் உள்ளேயே தேங்கும். எடுத்த பிறகும் சிலருக்குத் தேங்குவது உண்டு. தண்ணீர் நிரம்பிய பலூன் போல அந்த இடம் தளும்பும். மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். வீட்டில் அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

மரத்த தோலின் மேல் சூடும் ஐஸும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது, முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் வீட்டில் உள்ளவர்களுக்கு முதலில் தோன்றுவது வெந்நீர்ப் பை. அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் உணர்வற்ற தோலுக்குச் சூடு உறைக்காது. கையை இழுத்துக்கொள்ளச் செய்யும் அந்த அனிச்சைச் செயல் அங்கே வேலை செய்யாது. மறுசீரமைப்பு செய்த மார்பகத்தில் ஒத்தடப் பையால் தீப்புண் ஏற்பட்டுத் திரும்ப வருகிறவர்களை மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ் கட்டியும் அப்படித்தான்: மரத்த தோல் குளிரில் கருகினாலும் உணர்த்தாது. உடலின் வேறிடத்திலிருந்து திசுவை எடுத்து வைத்திருந்தால், குளிர்ச்சி அதன் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும்.

இது முதல் வாரத்துக்கு மட்டுமான எச்சரிக்கை அன்று. சிலருக்கு உணர்வு ஓரளவு திரும்பும், பலருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்தும் குளிக்கும் தண்ணீரின் சூட்டை நெஞ்சில் ஊற்றிப் பார்க்காமல் கையில் ஊற்றிப் பாருங்கள்.

கையை அசைக்காமலே வைத்திருப்பது

"அந்தக் கையை அசைக்காதே" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பரவலாக்கிய முறையில், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். 20ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் அதுவே வழக்கமாக இருந்தது. கை யானைக்கால் போல வீங்கிய பெண்களைப் பார்த்த தலைமுறையின் பயம் நம் வீடுகளில் இன்னும் உலவுகிறது என்றே நினைக்கிறேன். இன்று பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சுத் தசை அப்படியே இருக்கிறது. 1990களில் வந்த முறைப்படி முதல் வரிசை நிணநீர் முடிச்சுகள் சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு, தேவையில்லை என்றால் மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள்.

கையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் தோள்மூட்டு இறுகிவிடும். கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டியிருக்கும். தூக்க முடியாமல் சிகிச்சையே தள்ளிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை மெல்லச் சுழற்றுவது ஆகியவற்றைப் பொதுவாக மறுநாளே தொடங்கச் சொல்வார்கள். முழங்கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்குவதுதான், குறிப்பாக மறுசீரமைப்பு செய்திருந்தால், குழாய் எடுக்கும்வரை அல்லது மருத்துவர் அனுமதிக்கும்வரை காத்திருக்க வேண்டியது. பிறகு சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி. அக்கா சுவரில் பென்சிலால் கோடு போட்டுவைத்தாள். முதல் நாள் கோடு அவள் தாடை உயரத்தில் இருந்தது. இழுக்கும், அது சரி. குத்தினால் அந்த இடத்திலேயே நின்று மூச்சு விட்டுவிட்டு இறங்க வேண்டும்.

இடையில் ஒன்று பலரைக் கலங்கடிக்கும். அக்குளிலிருந்து முழங்கைவரை, சிலருக்கு மணிக்கட்டுவரை, தோலுக்கடியில் கயிறு இழுத்துக் கட்டியது போல ஒரு இழை தெரியும். கையை நீட்டினால் சுண்டும். புற்றுநோய் திரும்பிவிட்டது என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்குள் முடிச்சுகளை எடுத்தபின் நிணநீர்க் குழாய்கள் தடிப்பதால் வருவது இது. பெரும்பாலும் வாரங்களிலோ சில மாதங்களிலோ கரைந்துவிடும். இதற்குப் பயந்து கையை நிறுத்துவதுதான் தவறு; ஃபிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

அக்குள் முடிச்சுகளை எடுத்தபின் கையில் நிணநீர் தேங்கி வரும் நிணநீர் வீக்கத்தின் முதல் அடையாளமும் வலி அன்று. மோதிரம் திடீரென இறுகும், சட்டைக் கை பிடிக்கும், கை கனக்கும். தொடக்கத்தில் பிடித்துவிட்டால் கட்டுக்குள் வைப்பது எளிது. தோட்ட வேலைக்குக் கையுறை போடுங்கள், அந்தக் கையில் சின்னக் கீறல் பட்டாலும் கழுவி மருந்திடுங்கள். அதற்காக வாழ்நாள் முழுவதும் எடையே தூக்கக்கூடாது என்பது பழைய கதை. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், மேற்பார்வையோடு படிப்படியாக எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் முற்றும் நிகழ்வுகள் குறைந்தன.

மூன்றாம் வாரத்தின் துணிச்சல்

அந்தப் பயிற்சி எல்லாம் ஆறிய பிறகு. முதல் நான்கு முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பதே பொதுவான விதி. நிரம்பிய தண்ணீர்க் குடம், கைக்குழந்தை, ஈரத்துணி வாளி எல்லாம் இந்தக் கணக்கைத் தாண்டும். மூன்றாம் வாரத்தில் முகத்தில் தெளிவு வரும், தூக்கம் வரும். உடனே பெண்கள் வீட்டு வேலைக்கு எழுந்துவிடுகிறார்கள். வயிற்றுத் திசு எடுத்தவர்களுக்கு அடிவயிற்றுத் தோலும் மரத்திருப்பதால் அங்கே தையல் இழுபடுவது சரியாகத் தெரியாது. இவர்கள் முதல் ஒன்றிரண்டு வாரம் சற்றுக் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும், முழங்காலைச் சற்று மடக்கி, தலையை உயர்த்திப் படுக்க வேண்டியிருக்கும். நிமிர்ந்து நடக்கச் சொல்லி யாரும் அவர்களைத் தூண்ட வேண்டாம். தானாக நிமிர்வார்கள்.

மருந்தும் புகையும்

வலி வந்த பிறகு மாத்திரை போடலாம் என்று காத்திருப்பது முதல் சில நாட்களுக்கு நல்லதல்ல. எழுதிக்கொடுத்த நேரத்துக்குப் போட்டால் மூச்சை ஆழமாக இழுக்கவும் நடக்கவும் முடியும். ரத்தம் உறைவதைத் தடுக்க நடை அவசியம். ஆனால் காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, வலி மாத்திரை மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கலாம். 24 மணி நேரத்தில் 4 கிராம் என்பது பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. கல்லீரல் பாதிப்போ குறைந்த எடையோ இருந்தால் வரம்பு இன்னும் கீழே. கடுமையான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் தையலுக்குக் கேடு. முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து கேளுங்கள். டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்து அறுவைக்காக நிறுத்தியவர்கள் தாங்களாகவே திரும்பத் தொடங்கக்கூடாது. ரத்தம் உறையும் வாய்ப்பை அது கூட்டும்.

நிகோட்டின் ரத்த நாளங்களைச் சுருக்கும். மெல்லிய தோல் மடலுக்கோ, நுண்ணிய நாளங்களை இணைத்து வைத்த திசுவுக்கோ அது நேரடியான கேடு: தோல் கறுத்து அழுகக்கூடும். சிகரெட்டை விட்டவர் நிகோட்டின் சூயிங்கம்மை மெல்லுவதும், வீட்டில் இன்னொருவர் அருகில் நின்று புகைப்பதும் இதில் சேர்த்திதான்.

"நாளைக்குப் பார்ப்போம்" என்பது

38 டிகிரி செல்சியஸைத் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்ட காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, நாற்றமுள்ள சீழ், ஒரு பக்கம் மட்டும் சில மணி நேரத்தில் உப்புவது, புதிதாக வைத்த திசு குளிர்ந்துபோவது, வெளிறுவது, நீலமாவது. இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. திசுவின் ரத்த ஓட்டம் தடைபட்டால் காப்பாற்ற மருத்துவருக்குச் சில மணி நேரமே இருக்கிறது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு திணறினாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுவைத்தால் அது பரவுகிறதா என்று தெரியும். கோட்டைத் தாண்டினால் அழையுங்கள். சிலிகோன் இம்பிளான்ட் வைத்தவர்களுக்குத் தொற்று சில மாதங்கள் கழித்தும் வரலாம். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பக்கம் மட்டும் காரணமின்றி வீங்கினாலும் காட்ட வேண்டும்.

மாறாக, இல்லாத மார்பகம் அரிப்பது, இல்லாத காம்பு குத்துவது போன்ற உணர்வுகள் அச்சமூட்டினாலும் ஆபத்தானவை அல்ல. நரம்புகள் செய்யும் வேலை அது. மூன்று மாதம் தாண்டியும் வலி நீடித்தால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் சொல்லுங்கள். அதற்கென்று சிகிச்சை இருக்கிறது.

எக்ஸ்பாண்டர் வைத்தவர்கள் கவனத்துக்கு: தோலை விரிக்க வாரக் கணக்கில் உப்புநீர் ஏற்றும் இந்தப் பைகள் பலவற்றில் காந்தம் உண்டு. முதுகுவலிக்கோ தலைவலிக்கோ வேறு இடத்தில் எம்ஆர்ஐ எடுக்கப் போனால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எக்ஸ்பாண்டர் பற்றி மருத்துவமனையில் கொடுத்த அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருங்கள்.

கண்ணாடி

மூன்றாம் வாரத்து உருவத்தைப் பார்த்து இறுதித் தீர்ப்பு எழுதிவிடுகிறவர்கள் மிகுதி. வீக்கம் வடிந்து, திசு தளர்ந்து, வடிவம் நிலைப்பதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். காம்பு அமைப்பதும் பச்சை குத்துவதும் அதன் பிறகுதான். மறுசீரமைப்பே வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும் என்பதும் முழுமையான தேர்வு. பின்னால் மனம் மாறினால் ஆண்டுகள் கழித்தும் செய்துகொள்ளலாம்.

அக்கா ஒரு மாதம் பார்க்கவே இல்லை. கட்டு மாற்றும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புண் ஆறியதும், தழும்பை எண்ணெய் தொட்டு நீவிவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். முதல் இரண்டு நாள் நான் செய்தேன். மூன்றாம் நாள் என் கையை விலக்கிவிட்டுத் தானே விரலை வைத்தாள். "இங்கே தொட்டால் தெரியவில்லை, ஆனால் விரலுக்குத் தெரிகிறது" என்றாள். "கதகதப்பாக இருக்கிறது." பிறகு கண்ணாடியை எடுத்துவரச் சொன்னாள்.