பறவை மனிதர் இனத்தைப் படைத்தல்: செருக்கை எழுதும் முன் உடலை அமைப்பது எப்படி

மிகைபுனைவுக் கதைகளில் வரும் பறவை மனிதர்களுக்குப் பெரும்பாலும் ஒரே சாயல்தான் வாய்க்கிறது: எட்டாத மலைமுடி, வெண்சிறகு, நிமிர்ந்த கழுத்து, தரையில் நடப்போரை இகழும் இரண்டு வசனங்கள். அவர்கள் ஏன் செருக்குடையவர்கள் என்று கேட்டால் கதையில் விடை இருக்காது. இத்தகைய இனமொன்றைப் படைக்க விரும்புகிறவர் அதன் குணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் உடலை எழுத வேண்டும் என்பது என் கருத்து. பறப்பதற்காக அவ்வுடல் கொடுக்கும் விலை தெரிந்துவிட்டால், அவர்கள் எதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், எதைப் பிறர் கண்ணில் படாமல் மறைப்பார்கள் என்பவை பெரும்பாலும் தாமாகவே வந்து சேரும்.

எடையிலிருந்து தொடங்குங்கள். ஓர் உடலின் அளவுகளை எல்லாத் திசையிலும் இருமடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகிவிடும். இன்று பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்றான ஆப்பிரிக்கக் கோரி கானமயில்கூட ஏறத்தாழ 18 கிலோவோடு நின்றுவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். அழிந்துபோன இனங்களில், சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய அர்ஜென்டினா நிலப்பகுதியில் வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்னும் பெரும்பறவை ஏறத்தாழ 70 கிலோ எடையும், சிறகை விரித்தால் 6 முதல் 7 மீட்டர் அகலமும் கொண்டிருந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அது ஒரு மனிதரின் எடை என்பதால் மந்திரத்தின் துணையில்லாமலே உங்கள் இனம் பறக்க ஓரளவு இடமிருக்கிறது. ஆனால் அப்பறவை சமதரையில் நின்றபடி சிறகடித்து எழுந்திருக்க இயலாது என்றும், மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றையும் வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து கிளம்பும் காற்றையும் நம்பியே மிதந்திருக்கும் என்றும் கணிக்கப்படுகிறது.

இந்த ஒரு செய்தியை ஏற்றுக்கொண்டால் ஊரின் வரைபடமே முடிவாகிவிடுகிறது. காற்று வந்து மோதும் பக்கத்துப் பாறை விளிம்புகளில்தான் வீடுகள் அமையும், ஆழமான கீழ்நிலப் பள்ளம் வாசலாக இருக்கும், படிக்கட்டு இராது. வெயில் ஏறுவதற்கு முன் நெடுந்தொலைவுப் பயணம் கிடையாது என்பதால், இவர்களை நன்கு அறிந்த பகைவன் விடியற்காலையில்தான் படையெடுத்து வருவான். சமவெளிச் சந்தைக்கு இறங்கினால் மீண்டும் எழ முடியாது என்பதால் அவர்கள் அங்கே இறங்குவதே இல்லை. கீழே நிற்கும் மனிதர்கள் அதைத் திமிர் என்று பேசிக்கொள்வார்கள். மேலே இருப்பவர்களும், அச்சத்தை ஒப்புக்கொள்வதைக் காட்டிலும் திமிர் என்ற பெயரைச் சுமப்பது மேல் என்று அதை மறுக்காமல் விட்டுவிடுவார்கள். செருக்கு வேரூன்றும் இடமாக நான் காண்பது இதையே.

கைகளைப் பற்றி விரைவாக முடிவெடுத்துவிடலாம். முதுகில் சிறகும் தோளில் கையும் வேண்டுமென்றால் அவ்வுலகின் மற்ற விலங்குகளுக்கும் ஆறு உறுப்புகள் இருப்பது பொருத்தமாக இருக்கும். கையே சிறகாக வேண்டுமென்றால், கிளி காலால் பழத்தைப் பற்றி உண்பதைப்போல இவர்களும் காலால் எழுதுவார்கள், காலால் வாளேந்துவார்கள். தென் அமெரிக்காவின் ஹோட்சின் பறவையின் குஞ்சுகளுக்குச் சிறகின் விளிம்பில் நகங்கள் இருக்கின்றன. உங்கள் இனத்துக் குழந்தைகளுக்கும் அவற்றைக் கொடுக்கலாம்.

குரலுக்கும் கண்ணுக்கும் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பறவைகளின் குரலுறுப்பு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் அமைந்திருப்பதால், பாடும் பறவைகள் பலவற்றால் ஒரே நேரத்தில் இரு வேறு ஒலிகளை எழுப்ப முடிகிறது. அப்படிப்பட்ட மொழியில் சத்தியம் செய்வதற்கு இரட்டைக் குரல் வேண்டும் என்று ஒரு விதியை வைத்துவிட்டால், ஒற்றைக் குரலில் பேசும் மனிதத் தூதுவனின் வாக்குறுதி எதுவும் அவர்களுடைய அவையில் செல்லாது. பறவைகள் பலவற்றுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் தெரியும். அரச குலத்தின் அடையாளம் அந்த நிறத்தில் மட்டுமே மார்பில் ஒளிருமானால், அத்தூதுவன் அரசியை விட்டுவிட்டு வாயிற்காவலரை வணங்கி நிற்பான். அவமதிப்பு என்று தொடங்கும் ஒரு போருக்கு இதைவிட நேர்மையான காரணம் தேவையில்லை. (உணவைப் பற்றி ஒரு குறிப்பு: பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை. விருந்துக் காட்சி எழுதுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.)

எல்லாவற்றையும்விட வளமான பகுதி இறகுதிர்காலம். தேய்ந்த இறகுகளைப் பறவைகள் உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன. வாத்துகளில் பெரும்பாலானவை பறப்பதற்குரிய இறகுகளை ஒரே சமயத்தில் இழந்து, சில வாரங்கள் பறக்க இயலாமல் ஒதுங்கி வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இருவாச்சியின் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். அவ்வேளையில்தான் அது தன் சிறகிறகுகளை உதிர்க்கிறது. சிறு பிளவின் வழியே ஆண் பறவை இரை கொண்டுவந்து ஊட்டுகிறது. மானத்தைப் பெரிதாக மதிக்கும் ஓர் இனத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஆண்டில் சில வாரங்கள் படைத்தலைவியும் பறக்க முடியாதவள். அவளுக்கு யார் உணவூட்டுவது, அவள் பெயரால் யார் ஆணையிடுவது, அந்த நிலையில் அவளைக் கண்டுவிட்ட அயலானை என்ன செய்வது என்பவற்றுக்கெல்லாம் அவர்களிடம் எழுதப்படாத சட்டங்கள் இருக்கும். அச்சட்டங்களை நீங்கள் எழுதி வைத்துக்கொண்டால் போதும். செருக்கை விளக்கும் பத்திகளை நீக்கிவிடலாம்.

பறக்க முடியாமல் போனவர்களுக்கும் இடம் வேண்டும். இராமகாதையில் சூரியனை நெருங்கிப் பறந்த தம்பி சடாயுவைத் தன் சிறகுகளால் மூடிக் காத்த சம்பாதி, தன் சிறகுகள் தீய்ந்து மலையில் விழுந்து கிடக்கிறான். பிற்காலத்தில் சீதை இலங்கையில் இருப்பதைத் தன் கூரிய பார்வையால் கண்டு சொல்கிறவனும் அவனே. முடமான பறவையை இரங்கத்தக்கவனாக மட்டும் காட்டாமல், கண்ணால் அரசாளும் மூத்தோனாகக் காட்டும் வழி நம் மரபிலேயே இருக்கிறது.

குலப்பெயர்களுக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தென்றல், வாடை, கொண்டல், கோடை என நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் பெயருண்டு. எந்தக் காற்று மோதும் பாறையில் பிறந்தார்களோ அதுவே குலப்பெயராகலாம், வாடைக் குலத்தார் கொண்டல் குலத்தாரோடு மணவுறவு கொள்ள மறுப்பதற்கும் அதுவே காரணமாகலாம். உரையாடலில் அவர்கள் தங்கள் உயர்வைத் தாங்களே சொல்லக் கூடாது. காற்று நின்றுவிட்ட ஒரு நண்பகலில், கீழே சிக்கிக்கொண்ட பறவை மனிதன் ஒருவன் வண்டியில் ஏறிக்கொள்ளும்படி அழைக்கும் உழவனிடம் என்ன சாக்குச் சொல்கிறான் என்பதை எழுதிப் பாருங்கள். அந்தச் சாக்கு நம்பும்படி அமைந்துவிட்டால் முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.