பூங்காவில் குழந்தைகளுக்கு நீர் விளையாட்டிடம்: நமக்கு நாமே திட்டத்தில் நிதி வாங்குவது எப்படி?

கிருஷ்ணகிரியில் எங்கள் நகர்ப் பூங்காவுக்காக நான் அலைந்து கற்றது இது.

முதலில் கணக்கு. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, மீதி அரசு. எஸ்டிமேட் 9 லட்சம் என்றால் நாம் 3 லட்சம் திரட்ட வேண்டும். நகராட்சிப் பொறியாளரிடம் எஸ்டிமேட் வாங்கி, குடியிருப்போர் சங்கத் தீர்மானத்தோடு நகராட்சி ஆணையரிடம் மனு கொடுங்கள்.

அதற்கும் முன்னால் இடத்தின் பத்திரத்தைப் பாருங்கள். நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டது இங்கேதான். லே-அவுட் வரைபடத்தில் பச்சையாக 'பூங்கா' என்று இருந்தது, அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மனை போட்டவர் அந்த இடத்தை நகராட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து தரவேயில்லை. பத்திரம் இல்லாமல் அரசுப் பணத்தை அங்கே செலவழிக்க முடியாது என்று கோப்பு திரும்பி வந்தது. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் வில்லங்க விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். நகராட்சி பெயரில் தானம் தெரியவில்லையா? மனை போட்டவரைப் பிடித்து முதலில் அதைப் பதிய வையுங்கள். வசூலை அப்புறம் தொடங்குங்கள்.

அடுத்து தண்ணீர். "குடிக்கவே ஒகேனக்கல் தண்ணியை எதிர்பார்த்து நிக்கிறோம், விளையாட்டுக்கா?" என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் எஸ்டிமேட்டிலேயே தொட்டி, வடிகட்டி, குளோரின் மூன்றையும் எழுதி வாங்குங்கள். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். தொட்டியை போர்வெல் தண்ணீரால் நிரப்புவதானால் ஒன்று கவனியுங்கள்: நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், குளோரின் அதை எடுக்காது. குழந்தைகள் எப்படியும் ஒரு வாய் குடித்துவிடும். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த போர்வெல் வேண்டாம்.

சறுக்குமரம், குளம் எதுவும் கேட்காதீர்கள். தரையிலிருந்து பீய்ச்சும் குழாய்களே என் தேர்வு. தண்ணீர் தேங்காது, இரண்டு வயதுப் பிள்ளையையும் இறக்கிவிடலாம். தரை மட்டும் சொரசொரப்பாக இருக்கட்டும், டைல்ஸ் வேண்டாம்.

பின்சேர்க்கை: கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் கேட்டிருந்தீர்கள். ஊரகத்துக்கும் இந்தத் திட்டம் உண்டு. வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போங்கள். இன்னொருவர் மோட்டார் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று கேட்டார். மனுவோடு சேர்த்தே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்கினோம்.