நியோபியம் பள்ளம் தெரிந்ததும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்

ஆந்திரத்தின் குப்பம் ஊரில் எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் தெலுங்கு, கொஞ்ச தூரம் மேற்கே போனால் கன்னடம். இந்த மூன்று எல்லைக்கும் கீழே மண்ணுக்குள் இன்னொரு எல்லையும் ஓடுகிறது. கோலார் தங்கவயலிலிருந்து தெற்கே சிகருகுண்டாவின் பழைய தங்கச் சுரங்கம் வரை நீளும் கறுத்த பாறைப் பட்டை அது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாகக் கொட்டி, பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து ஆம்பிபோலைட்டாக மாறிய கல். நிலவியல் படிக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் அங்கே கூட்டிப்போகிறேன். கல் உடைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, எண்கள் வந்ததும் வரைபடம் போடுவார்கள். போட்ட பத்தாவது நிமிடம் ஒரு குரல் வரும்: "மேடம், நியோபியம் பள்ளம் இருக்கு. சப்டக்ஷன்தான்!" பூமியின் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் அமிழ்வதைத்தான் சப்டக்ஷன் என்கிறோம்.

அந்த அவசரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஜப்பானுக்குத் தெற்கே உள்ள இசு-போனின் போன்ற இளம் சப்டக்ஷன் மண்டலங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்களும் இதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் அந்தப் பள்ளம் என்ன என்று பார்த்துவிடலாம். கடல்தளத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழும்போது, அதன் கனிமங்களில் கட்டுண்டிருந்த நீர் சூட்டில் பிரிந்து மேலேறுகிறது. பேரியம், ருபீடியம், ஸ்ட்ரான்ஷியம், ஈயம் எல்லாம் அந்த நீரோடு கிளம்பிவிடும். நியோபியமும் டான்டலமும் மட்டும் ரூட்டைல் போன்ற கனிமங்களில் ஒட்டிக்கொண்டு தட்டிலேயே தங்கிவிடும். மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கான மேன்டில், நீர் பட்டதும் உருகி எரிமலையாக வரும்போது அந்தக் குழம்பில் மற்றவை தூக்கலாக, இவை இரண்டும் குறைவாக இருக்கும். தனிமங்களை வரிசையாக வைத்துக் கோடு போட்டால் நியோபியம் இருக்கும் இடத்தில் கோடு இறங்கும்.

ஆனால் அதே பள்ளம் கண்டத்தின் மேலோட்டுப் பாறையிலும் இருக்கிறது. மேலே வருகிற பசால்ட், அதாவது கறுத்த எரிமலைப் பாறையாக உறையும் குழம்பு, வழியில் மேலோட்டைக் கரைத்து விழுங்கினால் பள்ளமும் சேர்ந்தே வந்துவிடும். மகாராஷ்டிரத்தின் தக்காணப் பாறைகளில் புஷே என்றொரு பிரிவு இருக்கிறது. தக்காணம் கொட்டியபோது அங்கே எந்தத் தட்டும் அமிழவில்லை. இருந்தும் மேலோட்டை அதிகம் விழுங்கியதால் புஷே பாறைகளில் பள்ளம் உண்டு. அதனால் பள்ளம் தெரிந்தால் உடனே மக்னீசியம் அதிகமுள்ள, அதாவது மேலே வரும் வழியில் அதிகம் மாறாத மாதிரியைத் தேடுங்கள். சிலிக்கா கூடக் கூடப் பள்ளமும் ஆழமானால், நியோடிமியம் ஐசோடோப் விகிதமும் கூடவே சரிந்தால், மேலோட்டின் மீதுதான் முதல் சந்தேகம் போக வேண்டும். மக்னீசியம் தூக்கலான மாதிரியிலும் பள்ளம் நின்றால் அப்போது தட்டைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

அடுத்தது "இளம்" என்ற சொல். இதில் பிள்ளைகள் குழம்புவதை நான் பிழையாகவே நினைப்பதில்லை, எழுதுகிறவர்களே தெளிவாகச் சொல்வதில்லை. அமிழ்தல் அண்மையில் தொடங்கியதும் இளம்தான், அமிழ்கிற தட்டு வயதில் குறைந்ததும் இளம்தான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கேஸ்கேடியாவில் அமிழ்தல் நெடுங்காலமாக நடக்கிறது, ஆனால் உள்ளே போகிற தட்டு இளசு, சூடானது. இசு-போனினில் இதற்கு நேர்மாறு: ஏறக்குறைய 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அமிழ்தல் புதிதாகத் தொடங்கியபோது கக்கிய குழம்பு இன்றும் கடலடியில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால், எந்த எண் எதைச் சொல்கிறது என்பது தலைகீழாகிவிடும்.

அமிழ்தல் தொடங்கிய காலத்துக் குழம்பைப் புரிந்துகொள்ளத் தேங்காய்ப்பால் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். துருவலிலிருந்து வருகிற முதல் பால் கெட்டியானது. அதே சக்கையில் வெந்நீர் ஊற்றிப் பிழிந்தால் இரண்டாம் பால் தண்ணீராக வரும். தட்டு அமிழத் தொடங்கியதும் மேலே உள்ள தட்டு விரிகிறது, அடியிலிருக்கும் மேன்டில் எழும்பி அழுத்தம் குறைந்து உருகுகிறது. அப்போது, தட்டு இறங்கும் அகழிக்கும் எரிமலை வரிசைக்கும் இடைப்பட்ட முன்வில் பகுதியில் வருவது முன்வில் பசால்ட். நடுக்கடல் மலைத்தொடரில் வருவதைப் போலவே இருக்கும், தட்டின் நீர் அதில் ஏறக்குறைய இல்லை. பிறகு, உருகி வற்றிய அதே சக்கை மேன்டில் மீது தட்டின் நீர் பாய்ந்து மறுபடி உருக்கினால் போனினைட். ஒகசவாரா என்கிற போனின் தீவுகளின் பெயரைத்தான் இந்தப் பாறைக்கு வைத்திருக்கிறார்கள். சிலிக்கா 52 சதவீதத்துக்கு மேல், மக்னீசியம் ஆக்சைடு 8 சதவீதத்துக்கு மேல், டைட்டானியம் ஆக்சைடு 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்பது அதன் வரையறை. மக்னீசியம் இவ்வளவு இருந்தும் டைட்டானியம் இவ்வளவு குறைவாக இருப்பதுதான் இரண்டாம் பாலின் அடையாளம்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. முன்வில் பசால்ட்டில் நியோபியம் பள்ளத்தைத் தேடுகிறார்கள், கிடைக்காவிட்டால் "இது சப்டக்ஷன் இல்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் பள்ளம் இருக்க வேண்டியதே இல்லை. அதற்குப் பதிலாக டைட்டானியத்தை வனேடியத்தால் வகுத்துப் பாருங்கள். நடுக்கடல் பசால்ட்டில் 20 முதல் 50 வரை, தீவு வில் எரிமலைகளில் 10 முதல் 20 வரை, போனினைட்டில் 10க்கும் கீழே வரும். முன்வில் பசால்ட் பெரும்பாலும் 20க்குக் கீழே இறங்கியிருக்கும். ஏற்கெனவே கொஞ்சம் வற்றிய மேன்டிலிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே தடயம்.

மாதிரி எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதும் வேதியியலுக்குச் சமமான முக்கியம். 2014இல் 352ஆம் பன்னாட்டுக் கடலடித் துளையிடும் பயணம் போனின் முன்வில்லில் நான்கு இடங்களில் துளையிட்டது. கீழே பசால்ட், அதன் தலைக்கு மேலே போனினைட் என்று அடுக்காகக் கிடைக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. கிடைத்ததோ பக்கம் பக்கமாக: அகழிக்கு அருகே இருந்த இரண்டு துளைகளில் பசால்ட், சரிவில் மேலே இருந்த இரண்டில் போனினைட். எண்களை மட்டும் பார்த்து வரிசை கட்டியிருந்தால் இது தெரிந்திருக்காது.

தட்டு இளசாகச் சூடாக இருந்தால் அதுவே உருகலாம். 1990இல் அலூஷியன் தீவுகளின் அடாக் பெயரால் அடாகைட் என்று இந்த வகைக்குப் பெயர் வைத்தார்கள். ஸ்ட்ரான்ஷியம் அதிகம், இட்ரியம் பத்து லட்சத்தில் 18 பங்கு அல்லது அதற்கும் கீழ். இட்ரியத்தைக் கார்னெட் என்ற கனிமம் பிடித்துவைத்துக்கொள்கிறது, ஸ்ட்ரான்ஷியத்தைப் பிடித்துவைக்க அந்த ஆழத்தில் பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம் இல்லை. தடித்த மேலோட்டின் அடிப்பாகம் உருகினாலும் ஸ்ட்ரான்ஷியம்-இட்ரியம் விகிதம் இதே போல வரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு விகிதத்தை வைத்துத் தட்டின் வயதைச் சொல்லக் கூடாது.

கடலில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிய கல்லில் பொட்டாசியம், ருபீடியம், பேரியம் ஆகியவை கடல்நீரால் மாறியிருக்கும். ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பும் கடல்நீரின் 0.709 பக்கம் இழுக்கப்பட்டிருக்கும். தோரியம், நியோபியம், சிர்கோனியம், டைட்டானியம், லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையான அருமண் தனிமங்கள்தான் ஓரளவு நம்பகமானவை. எங்கள் ஆம்பிபோலைட்டில் இந்தக் கவலை இன்னும் அதிகம். கல்லை உடைத்ததும் சில்லுகளை வெள்ளைத் தாளில் பரப்பி, லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்வேன். மயிரிழை போல் வெள்ளைக் கோடு ஓடுகிற சில்லில் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால் சுர்ரென்று நுரைக்கும். அது கால்சைட், பிறகு வந்து புகுந்தது. அந்தச் சில்லு வெளியே போக வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒரு முழு பிற்பகல் ஆகும். அதில் சலித்துக்கொள்கிற பிள்ளையின் எண்களை நான் நம்புவதில்லை.

அரைப்பதிலும் கவனம் வேண்டும். அம்மி கொத்தி முடித்த அன்று அரைத்த சட்னியில் பல்லில் கல் கரகரக்கும் இல்லையா, அதேதான். ஒருமுறை வெளியூர் ஆய்வகம் ஒன்றில் எங்கள் கற்களை டங்ஸ்டன் கார்பைடு ஆலையில் அரைத்துவிட்டார்கள். அந்த ஆலையிலிருந்து கோபால்ட்டும் டான்டலமும் தூளில் கலக்கும். டான்டலம் எண்கள் எல்லாம் வீங்கி வந்தன, அந்த வருடத்து மாதிரிகளில் நியோபியம்-டான்டலம் விகிதம் முழுக்க வீண். அகேட் உரலில் அரைக்கச் சொல்லி எழுதிக்கொடுக்காதது என் தவறும்தான். இப்போது ஒவ்வொரு பையின் மீதும் அதைச் சிவப்பு மையில் எழுதுகிறோம்.

பெரிலியம்-10 பார்க்கலாமே என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். காற்றுமண்டலத்தில் விண்கதிர் பட்டு உருவாகி, கடலடி வண்டலில் படிந்து, தட்டோடு உள்ளே போய், எரிமலைக் குழம்பில் திரும்பி வருகிற அணு அது. வண்டல் உள்ளே போனதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அதன் அரைவாழ்வு சுமார் 14 லட்சம் ஆண்டுகள்தான். இன்று கக்கும் எரிமலைக்குச் சரி. போனினின் பழங்குழம்பில் அது மிச்சமிருக்காது, எங்கள் கல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கோலார் பட்டையின் கிழக்கு ஓரத்திலிருந்து ஒன்று, மேற்கு ஓரத்திலிருந்து ஒன்று என இரண்டு கற்களை மேசையில் வைப்பேன். கையில் எடுத்தால் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே கனம். கிழக்கே உள்ளதில் லாந்தனம் பக்கத்து இலகு அருமண் தனிமங்கள் மிகுதி, மேற்கே உள்ளதில் குறைவு. இதோடு பட்டையின் இரு பக்கத்து நைஸ் என்கிற வரியோடிய பாறைகளின் வயதையும் ஐசோடோப்பையும் சேர்த்துப் பார்த்து, இது வெவ்வேறு நிலத்துண்டுகள் வந்து ஒட்டிய தையல் என்று 1989இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். போன மாதம் ஒரு பெண் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ இதுவும் போனின் மாதிரிதானா மேடம்?" என்றாள். இன்றைய எரிமலைகளைக் கொண்டு வரைந்த வரைபடத்தில் 270 கோடி ஆண்டுக் கல்லை வைக்கிறோம், அன்றைய மேன்டில் இன்னும் சூடு என்று மட்டும் சொன்னேன். அவளே சில்லுகளைத் தாளில் கொட்டி, லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனாள்.