அட்டையில் மங்கிய பச்சை

மன்னார்குடிப் பக்கத்துச் சம்பா வயல்தான் என் சிறுகதைத் தொகுப்புக்கு அட்டைப்படம். திரையில் பளிச்சென்றிருந்த பச்சை, அச்சகத்து மாதிரித் தாளில் பாசி பிடித்த குளம் மாதிரி மங்கி வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி ஒளியில் திரை காட்டுகிற சில பச்சைகளை நான்கு மை அச்சால் எட்டவே முடியாது. படக் கோப்பை அந்த நான்கு மைகளின் முறையான சிஎம்ஒய்கே-வுக்கு (சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மாற்றி, பச்சையில் கலந்திருந்த மெஜந்தா என்ற கருஞ்சிவப்பு மையைக் குறைத்து, மஞ்சளைச் சற்று ஏற்றினேன். வயல் தெளிந்துவிட்டது. அட்டைமேல் ஒட்டும் மெல்லிய படலம்தான் லேமினேஷன்; பளபளப்பில்லாத மேட் வகை நிறத்தை இன்னும் கொஞ்சம் அமுக்கும் என்பதால் பளபளப்பான கிளாஸ் வகையைப் போடச் சொன்னேன். விரல் ரேகை படியும், படியட்டும்.

அப்புறம் தலைப்பு. இணையக் கடையில் அட்டை சின்னதாகத்தான் தெரியும். கைப்பேசியில் சுருக்கிப் பார்த்தால், பயிருக்கு நடுவே வெள்ளை எழுத்தைக் காணோம். மேலே வெளிறிய வானத்தில் கருநீலத்தில் தடிமனாக வைத்ததும் சரியாகிவிட்டது. புத்தக முதுகின் அகலத்தை மட்டும் அச்சகத்திடமே கேளுங்கள். தாள் மாறினால் அதுவும் மாறும்.