துன்ஹுவாங் குகைகளுக்குப் போகிறவர்களுக்கு

சீனாவின் கான்சு மாகாணத்தில், பட்டுப்பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது துன்ஹுவாங். அருகிலுள்ள மோகாவ் குகைகள், அதாவது பாறையில் குடைந்த பௌத்தக் கோயில்களில், முதலாவது கி.பி. 366இல் குடையப்பட்டதாகச் சொல்கிறார்கள். இன்று ஓவியங்களும் சிலைகளும் உள்ள குகைகளே 492 இருக்கின்றன.

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. 'ஏ' வகைச் சீட்டில் இரண்டு அறிமுகப் படங்களும் எட்டுக் குகைகளும் உண்டு. 'பி' வகையில் நான்கு குகைகள்தான், படங்கள் கிடையாது. கோடையில் 'ஏ' சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்துவிடுங்கள். எந்தக் குகைகள் என்பதை வழிகாட்டிதான் தீர்மானிப்பார்.

உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. ஓவியங்களைக் காப்பதற்காக உள்ளே விளக்கும் போட்டிருக்க மாட்டார்கள். வழிகாட்டியின் டார்ச் வெளிச்சம்தான். அதனால் என் முக்கியமான யோசனை இது: துன்ஹுவாங் ஆய்வகத்தின் 'டிஜிட்டல் துன்ஹுவாங்' தளத்தில் குகைகளை இலவசமாகச் சுற்றிப் பார்க்கலாம். கிளம்பும் முன் ஒரு மாலை அதற்கு ஒதுக்குங்கள். புத்தரின் முற்பிறவிக் கதைகள் சுவரில் எப்படி ஓடுகின்றன என்று முன்பே தெரிந்தால், அந்தச் சில நிமிடங்களில் கண் சரியான இடத்துக்குப் போகும்.

17ஆம் குகையைக் காட்டினால் நன்றாகப் பாருங்கள். 1900இல் ஆயிரக்கணக்கான சுவடிகள் கிடைத்த சிறு அறை அது. 868இல் அச்சான வஜ்ர சூத்திரம் என்ற பௌத்த நூல் அங்கிருந்து போய், இன்று லண்டனில் இருக்கிறது.

அப்புறம், சீனா முழுவதும் பெய்ஜிங் நேரம்தான். துன்ஹுவாங் மேற்கே வெகுதொலைவில் இருப்பதால், கோடையில் அங்கே இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகும். காலையில் குகைகள், மாலையில் மணல்மேடுகள் என்று வைத்துக்கொள்ளலாம்.