இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தால்: தோட்டத்துக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"திரும்ப வந்திருச்சாம்" என்று கேள்விப்பட்டதும் வீட்டில் பாதிப் பேர் "இனி ஒண்ணும் செய்ய ஏலாது" என்று ஓய்ந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் "போன தடவ சுகமாச்சுதானே, அதே மருந்தையே குடுக்கச் சொல்லுவோம்" என்கிறார்கள். இரண்டுமே முதல் தடவை பட்ட பாட்டை வைத்துப் போடும் கணக்கு. இரண்டாவது தடவைக்கு அந்தக் கணக்கு உதவாது.

இரத்தப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. ஹொட்ஜ்கின் லிம்ஃபோமா திரும்பினாலும் பலருக்கு முழுமையாகக் குணமாக்கும் நோக்கத்தோடே வைத்தியம் செய்யலாம். மைலோமா திரும்புவது வழமை. மருந்தை மாற்றி மாற்றி அடக்கி வைப்பார்கள். தீவிர லுக்கேமியா திரும்பினால் நிலைமை கடினம்தான், ஆனால் முதல் சிகிச்சை முடிந்து எவ்வளவு காலம் கழித்துத் திரும்பியது என்பதைப் பொறுத்து வாய்ப்பு மாறும். அதனால் வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டியது: இது எந்த வகை, இந்தத் தடவை வைத்தியம் குணமாக்கவா, அடக்கி வைக்கவா, வேதனையைக் குறைக்கவா? இதைக் கேட்காமல் மாட்டை விற்பதும் நகையை அடகு வைப்பதும் வேண்டாம். இரத்தம் உண்டாகும் எலும்பு மச்சையில் மறுபடி ஊசி போட்டுப் பார்க்கச் சொன்னால் "அன்னைக்கே பார்த்தாச்சே" என்று மறுக்கவும் வேண்டாம். திரும்பி வந்த நோயின் மரபணுக் கோளாறு முதலில் இருந்ததைவிட மாறியிருக்கலாம். அதற்கேற்ப மருந்தும் மாறும்.

பழைய கடதாசிகளைத் தொலைப்பது சின்ன விஷயமில்லை. லயத்துக் கூரை ஒழுகி, டயக்னோசிஸ் காட் நனைந்து கிழிந்த வீடுகள் எத்தனை! கீமோவில் சிவப்பு நிறத்தில் ஏற்றும் டொக்ஸோரூபிசின் போன்ற மருந்துகளுக்கு வாழ்நாள் அளவு ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் இதயம் பழுதாகலாம். முன்பு எவ்வளவு ஏற்றினார்கள் என்று வைத்தியருக்குத் தெரிந்தாக வேண்டும். எல்லாக் கடதாசியையும் பொலித்தீன் பையில் போட்டு, ஃபோனிலும் படம் எடுத்து வையுங்கள்.

குளிசையை விட்டு விட்டுப் போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். நாட்பட்ட மைலொய்ட் லுக்கேமியாவுக்கு இமாட்டினிப் நாள் தவறாமல் போட வேண்டியது. இடையில் விட்டதைச் சொல்லாவிட்டால், மருந்தே வேலை செய்யவில்லை என்று வைத்தியர் எண்ணக்கூடும். பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும் என்பதற்காக கிளினிக் நாளைத் தவறவிட்டது குற்றமில்லை. அதையும் அப்படியே சொல்லுங்கள்.

இனி, உயிரைக் குடிக்கும் தவறுக்கு வருகிறேன். கீமோவுக்குப் பிறகு வரும் காய்ச்சலை "பனிக்கு வந்தது" என்று நினைத்து, பனடோல் கொடுத்து, கம்பளி போர்த்திப் படுக்க வைப்பது. கீமோ ஏற்றி ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது கிருமி உள்ளே புகுந்தாலும் சளி இருக்காது, சீழ் கட்டாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பனடோல் அந்த ஒரு அடையாளத்தையும் மறைத்துவிடும். வெப்பமானி 38 பாகை செல்சியஸைக் காட்டினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் இல்லாமல் நடுங்கினாலும் அப்படித்தான். நுவரெலியாக் குளிரில் யாருக்குத்தான் நடுங்காது என்று தோன்றும். இந்த நோயாளியை அப்படிப் பார்க்க முடியாது.

மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ இரவோடு இரவாக மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகப் பார்ப்பதும் தவறு. டிக்கோயா, நுவரெலியா, பதுளை என்று கிட்ட இருக்கும் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்டிபயோடிக் ஊசியை உடனே தொடங்க வேண்டும். இலவச அம்புலன்ஸுக்கு 1990. மேல் டிவிஷன் லயம் வரை வண்டி ஏறாது என்றால், பிரதான பாதை வரை கொண்டு வர யாருடைய ஆட்டோ என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள். "இவர் கீமோ எடுத்தவர், வெள்ளை அணு குறைந்திருக்கலாம், காய்ச்சல்" என்று ஒரு தாளில் சிங்களத்தில் எழுதி வாங்கி, கிளினிக் கொப்பியில் ஒட்டி வைத்தால் அவசர நேரத்தில் தடுமாற மாட்டீர்கள்.

இரத்தத்தை உறைய வைக்கும் இரத்தத் தட்டு (பிளேட்லட்) குறைந்தவருக்கு டெங்குக்குக் கொடுப்பதுபோல பப்பாளி இலைச்சாறு கொடுக்கிறார்கள். கட்டு அனோதா (முள் சீத்தா) இலையையும் அவிக்கிறார்கள். தட்டை உண்டாக்கும் மச்சையையே நோய் பிடித்திருக்கும்போது சாறு அதைச் சரிசெய்யாது. சில மூலிகைகள் ஈரலைக் கெடுத்து மருந்தையும் குழப்பும். கொடுத்திருந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள், ஏசினாலும் பரவாயில்லை. உடம்பு வலிக்கு அஸ்பிரின், டைக்ளோஃபெனக் வாங்கிக் கொடுக்காதீர்கள், இரத்தக் கசிவு கூடும். அட்டை கடித்தால்கூட இவர்களுக்கு இரத்தம் நிற்க நேரமாகும். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இரத்தம் தேவை என்றால் கூடப் பிறந்தவர்கள்தான் முதலில் ஓடுவார்கள். பாசம் புரிகிறது. ஆனால் மச்சை மாற்றுச் சிகிச்சை (இன்னொருவரின் மச்சையை நோயாளிக்கு ஏற்றுவது) பற்றிப் பேச்சு இருந்தால், வைத்தியரைக் கேட்காமல் அவர்கள் இரத்தம் கொடுக்கக் கூடாது. அவர்களுடைய இரத்தத்தை ஏற்றினால், பின்னால் அவர்களுடைய மச்சையையே நோயாளியின் உடம்பு எதிர்க்கக்கூடும். சகோதரர் ஒருவருக்கு முழுப் பொருத்தம் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இரத்தம் கொடுக்கத் தோட்டத்து இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், 50 கிலோவுக்குக் குறையாதவர்களாக.

மொழி விஷயத்தில் நடப்பது எனக்கு மிகவும் வலிப்பது. சிங்களம் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போய், தன் தாய்க்கு நோய் திரும்பியதை அந்தப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைக்கிறோம். பிள்ளை பயத்தில் பாதியை விழுங்கிவிடும். தாய்க்கு வைத்தியமும் விளங்காது, பிள்ளைக்கும் அந்தப் பாரம் போகாது. தமிழ் 1987 முதல் இலங்கையின் அரச கரும மொழிகளில் ஒன்று. வார்டில் தமிழ் தெரிந்த தாதியையோ உத்தியோகத்தரையோ கேட்பது உங்கள் உரிமை. இல்லையென்றால் வயது வந்த வேறொருவரைக் கூட்டிப் போங்கள். நோயாளிக்குத் தெரியாமல் மறைப்பதும் நிற்காது. மறுபடி கீமோ ஏற்றும்போது அவருக்கே தெரியும். என்னவென்று கேட்க ஆளில்லாமல் தனியாகப் பயப்படுவார்.

காசு விஷயத்தில், நுண்கடன் வாங்குவதற்கு முன்னால், வைத்தியச் செலவுக்கு உதவும் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பியுங்கள். பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

குணமாக்க முடியாது என்று வைத்தியர் சொன்னால், "கைவிட்டுட்டாங்க" என்று கிளினிக்கையே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் இரத்தம் ஏற்றலாம், வாந்தியை நிறுத்தலாம், வலிக்கு மோர்பின் கொடுக்கலாம். மோர்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயத்தில் குளிசையை ஒளித்து வைக்க வேண்டாம். வைத்தியர் சொன்ன அளவில் நேரத்துக்குக் கொடுத்தால் மனிதர் வலியில்லாமல் தூங்குவார், நாலு பேரோடு பேசுவார். மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்தைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். இரவில் வலி கூடினால் யாருக்கு ஃபோன் எடுப்பது என்பதையும் அதே கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.